ஜிப்சி ஏன் உதறுது? வீட்டு போர்டிகோவில் ஒரு முன் ஆக்ஸில் வேலை

(எபிசோடின் ஒலிவடிவிலிருந்து, பேச்சு நடை அதிகம் மாறாமல் திருத்தப்பட்டது.)

போன எபிசோட்ல ஸ்கூட்டர் கார்புரேட்டர் பத்திப் பேசினப்போ, "உங்க ஜிப்சியைப் பத்தி எப்பங்க சொல்லப் போறீங்க"ன்னு நிறையப் பேர் கேட்டிருந்தீங்க. சொல்றேன். ஆனா அது பெருமையா சொல்ற கதை இல்லைங்க. என் கையால நானே கெடுத்து, ஆறு மாசம் தப்பான இடத்துல தேடி, கடைசியில அப்பா முதல் நாள் கேட்ட ஒரு கேள்விக்கே திரும்பி வந்த கதை.

வண்டி 1998 மாடல் ஜிப்சி கிங். எம்.ஜி. 413 டபிள்யூ, 1298 சி.சி. பெட்ரோல், கார்புரேட்டர் எஞ்சின். தெரியாதவங்களுக்காக ஒரு வரி. ஜிப்சி நம்ம ஊருக்கு 1985 டிசம்பர்ல வந்தது, 970 சி.சி. எஞ்சினோட. 1996-ல கிங் வந்துச்சு, 2000 வாக்குல எம்.பி.எஃப்.ஐ. வந்துச்சு, 2019-ல உற்பத்தியை நிறுத்திட்டாங்க. நடுவுல என்னென்னவோ மாறினாலும் அடிப்படை மாறவே இல்லை. ஏணி மாதிரி ஒரு சேஸி, முன்னாடியும் பின்னாடியும் முழு ஆக்ஸில், நாலு சக்கரத்துக்கும் லீஃப் ஸ்பிரிங். அதனாலதான் வீட்டுல வச்சு வேலை செய்ய இதை விட நல்ல வண்டி கிடையாதுன்னு நான் சொல்லுவேன். எல்லாமே கண்ணுக்குத் தெரியும், ஸ்பேனர் போகும்.

அப்பா இதை 2004-ல செகண்ட் ஹேண்டா வாங்கினார். பொள்ளாச்சிக்குத் தெக்கால, ஆனைமலை அடிவாரத்துல எங்களுக்கு ஒரு தென்னந்தோப்பு. காய் மூட்டை, மோட்டார், பைப்பு, ஆளுங்க எல்லாம் இதுலதான். வாய்க்கால்ல தண்ணி ஓடினா அதுக்குள்ளேயே இறக்கி ஏத்திடுவார். அறுபதுக்கு மேல ஓட்டினதே இல்லை. வண்டியும் அவரைக் கைவிட்டதே இல்லை.

2022-ல சாவி என் கைக்கு வந்துச்சு. எனக்கு வீடியோ பார்க்கிற வியாதி. உசரமா நிக்கிற ஜிப்சி, பெரிய டயர், பாறை மேல ஏறுது, சேத்துல இறங்குது. நம்ம வண்டி பார்த்தா குள்ளமா, காய் வியாபாரி வண்டி மாதிரி நிக்குது. ஒரு கடையில போய் நீளமான ஷாக்கிள் நாலு போட்டேன். 235/75 ஆர் 15 மட் டயர் அஞ்சு வாங்கினேன். ஒரு நாள் வேலை. வண்டி நிமிர்ந்து நின்னுச்சு. தெருவுல எல்லாரும் பார்த்தாங்க. அப்பா மட்டும் சுத்தி வந்து பார்த்துட்டு, "எதுக்கு கண்ணு இது?"ன்னு ஒரு வார்த்தை கேட்டுட்டுப் போயிட்டார்.

ஷாக்கிள்னா என்னன்னு சொல்லிடறேன், கதையே அதுலதான் இருக்கு. லீஃப் ஸ்பிரிங்கோட ஒரு முனை சேஸியில நேரடியா மாட்டியிருக்கும். இன்னொரு முனை, ஊஞ்சல் சங்கிலி மாதிரி ரெண்டு சின்னத் தகட்டுல தொங்கும். ஸ்பிரிங் அமுங்கும்போது நீளும் இல்லைங்களா, அந்த நீட்டத்துக்கு இடம் கொடுக்கத்தான் அது. அந்தத் தகட்டை நீளமாக்கினா ஸ்பிரிங்கோட அந்த முனை கீழே போகும், வண்டி மேலே வரும். லிஃப்ட் பண்றதுல ரொம்பச் சல்லிசான வழி. 2 அங்குலம் நீட்டினா வண்டி 1 அங்குலம்தான் உசரும்ங்கிறது வாங்கினப்புறம்தான் எனக்கே தெரியும். ஆக்ஸில் ஸ்பிரிங்குக்கு நடுவுல இருக்கு, ஒரு முனை மட்டும்தானே இறங்குது.

சரி, சம்பவத்துக்கு வர்றேன். 2024, ஒரு ஞாயித்துக்கிழமை காலையில. நானும் என் மகளும். அவளுக்கு அப்ப ஒன்பது வயசு. ஆழியாறு வரைக்கும் போயிட்டு வரலாம்னு கிளம்பினோம். ரோடு காலி, வேகம் அறுபது இருக்கும். ஒரு வாய்க்கால் பாலம், தார் ரோடும் கான்கிரீட்டும் சேர்ற இடத்துல சின்னதா ஒரு பள்ளம். இடது முன் சக்கரம் அதுல தட்டுச்சு. அவ்வளவுதான். ஸ்டீயரிங் என் கையை விட்டுப் போயிடுச்சு. இந்தப் பக்கம் அந்தப் பக்கம்னு ஒரு நொடிக்குப் பல தடவை உதறுது. டேஷ்போர்டு ஆடுது, கண்ணாடி ஆடுது, முன் சக்கரம் ரெண்டும் கழண்டு ஓடப் போகுதுன்னு நினைச்சேன். எதிர்ல ஒரு டூவீலர், புருஷன் பொண்டாட்டி, நடுவுல ஒரு குழந்தை. நான் பிரேக்கை மிதிச்சு, மிதிச்சு, வேகம் முப்பதுக்குக் கீழே வந்ததும் யாரோ சுவிட்சை அணைச்ச மாதிரி நின்னுச்சு. வண்டி ரோட்டோட வலது பாதியில நிக்குது. டூவீலர்க்காரர் மண்ணுல இறங்கி நின்னுட்டார். திட்டக்கூட இல்லை, பார்த்தார், போயிட்டார். மகள் அழலை. முன்னாடி இருக்கிற கைப்பிடிக் கம்பியை ரெண்டு கையால பிடிச்சிட்டு, "அப்பா, வண்டிக்குக் குளிர் காய்ச்சலா"ன்னு கேட்டா.

வீட்டுக்கு இருபதுலயே ஓட்டிட்டு வந்தோம். என் மனைவி கேட்டுட்டு ஒண்ணே ஒண்ணுதான் சொன்னாங்க: "இது சரியாகி, நீங்க தனியா பத்துத் தடவை ஓட்டினப்புறம் சொல்லுங்க, அது வரைக்கும் பிள்ளை இதுல ஏறமாட்டா." அப்பா கேட்டார், "கடைசியா என்ன மாத்துன?" நான், "அதெல்லாம் இல்லப்பா, டயர் பேலன்சிங்கா இருக்கும்"னேன்.

அந்த "அதெல்லாம் இல்லப்பா"வுக்கு ஆறு மாசம் செலவாச்சு.

வேகமா சொல்லிட்டுப் போயிடறேன், இந்தப் பகுதி எல்லாரும் பண்றதுதான். முதல்ல பேலன்சிங். கொஞ்சம் குறைஞ்ச மாதிரி இருந்துச்சு, பத்து நாள்ல திரும்ப வந்துச்சு. டயரை முன்னுக்குப் பின் மாத்தினேன். அடுத்து ஒரு பட்டறையில ஸ்டீயரிங் பாக்ஸ்ல இருக்கிற அட்ஜஸ்ட் ஸ்குரூவை இறுக்கிக் கொடுத்தாங்க. இதுல ஒரு எச்சரிக்கைங்க. அந்த ஸ்குரூவை அளவுக்கு மேல இறுக்கினா ஸ்டீயரிங் கனமாகும், திருப்பினப்புறம் தானா நேருக்கு வராது. ஆட்டம் போயிடுச்சுன்னு நாம நினைச்சிட்டிருப்போம், உள்ளே பல் தேய்ஞ்சிட்டிருக்கும். திரும்பத் தளர்த்தினேன். அப்புறம் புது ஸ்டீயரிங் டேம்பர்.

டேம்பரைப் பத்தி எனக்கு ஒரு கோவமே உண்டு. அது ஒரு சின்ன ஷாக் அப்சார்பர், படுக்க வச்சு மாட்டியிருக்கும். சக்கரம் சட்டுனு இடம் வலம் போறதை அது அடக்கும். புதுசு போட்டதும் என் வண்டி அற்புதமா ஓடுச்சு. ரெண்டு மாசம். நான் ஊரெல்லாம் சொல்லிட்டேன், சரியாயிடுச்சுன்னு. ஒரு நாள் ராத்திரி, கோட்டூர் பக்கம், அதே உதறல், முன்னைவிட மோசமா. டேம்பர் நோயைத் தீர்க்கலை, காய்ச்சல் மாத்திரை மாதிரி சூட்டை மறைச்சிருக்கு. அந்த ரெண்டு மாசத்துல உள்ளே இருந்தது இன்னும் கெட்டிருக்கு. டேம்பர் தேவையில்லைன்னு சொல்ல வரலைங்க. கம்பெனிக்காரங்க ஒரு காரணத்தோடதான் வச்சிருக்காங்க. ஆனா உதறலுக்கு முதல் மருந்தா யாராவது டேம்பரைச் சொன்னா, ஒரு நிமிஷம் நில்லுங்க.

இதுக்கப்புறம்தான் எங்க ஊர்ல வயசான மெக்கானிக் அண்ணன் ஒருத்தர், இப்ப பட்டறையெல்லாம் மூடிட்டார், அவர்கிட்ட போனேன். அவர் வண்டியைப் பார்க்கவே இல்லை. திண்ணையில உக்காந்துட்டு, "தம்பி, ஜாக்கி போட்டு சக்கரத்தை ஆட்டிப் பார்த்தியா?"ன்னார். "பார்த்தேன்ணா, ஆடுது, வீல் பேரிங் இறுக்கச் சொல்லியிருக்கேன்"னேன். "பிரேக்கை மிதிச்சிட்டு ஆட்டிப் பார்த்தியா?" இல்லைன்னேன். "போய்ப் பார்த்துட்டு வா."

இந்த ஒரு சோதனைக்காகவே இந்த எபிசோட் போடலாம். முன் பக்கத்தைத் தூக்கி, ஸ்டாண்டு வச்சு, சக்கரத்தைக் கடிகாரத்துல 12 மணி, 6 மணி இருக்கிற இடத்துல பிடிச்சு உள்ளே வெளியே ஆட்டுங்க. ஆட்டம் இருந்தா அது வீல் பேரிங்கா இருக்கலாம், கிங்பின் பேரிங்கா இருக்கலாம். இப்ப ஒருத்தரை உள்ளே உக்கார வச்சு பிரேக்கை நல்லா மிதிக்கச் சொல்லுங்க. பிரேக் மிதிச்சா டிஸ்க்கும் ஹப்பும், காலிப்பர் மாட்டியிருக்கிற நக்கிளோட ஒண்ணாப் பூட்டிக்கும். வீல் பேரிங் ஆட்டம் மறைஞ்சிடும். அதுக்கப்புறமும் ஆடினா, ஆடுறது கிங்பின். அடுத்து 3 மணி, 9 மணியில பிடிச்சு ஆட்டினா டை ராட் எண்டோட கதை தெரியும், அதைக் கண்ணாலயே பார்க்கலாம், ராடு அசையும் முன்ன பந்து அசையும்.

மனைவியைத்தான் பிரேக் மிதிக்கச் சொன்னேன். வலது சக்கரத்துல பிரேக்குக்கு அப்புறமும் டக் டக்னு சத்தம். இடதுல அதைவிட அதிகம். அவங்க உள்ளே இருந்தே, "எனக்கே கேக்குதுங்களே"ன்னாங்க.

கிங்பின்னு நாம சொல்றது எதைன்னா, சக்கரம் இடம் வலம் திரும்பறதுக்கான அச்சு. ஜிப்சியில முன் ஆக்ஸிலோட ரெண்டு முனையிலயும் ஒரு இரும்புப் பந்து மாதிரி இருக்கும், அதைச் சுத்தி நக்கிள். மேல ஒரு பின், கீழ ஒரு பின், ஒவ்வொண்ணுக்கும் ஒரு கூம்பு ரோலர் பேரிங். ஒரு சக்கரத்துக்கு ரெண்டு, வண்டிக்கு நாலு. இந்த பேரிங் முழுசா சுத்தறதே இல்லை. வருஷக்கணக்கா நேர் ரோட்டுல ஓடும்போது ரோலர்கள் ஒரே இடத்துல நின்னு அடி வாங்கிட்டே இருக்கும். கப்புல கோடு கோடா பள்ளம் விழும்.

இப்ப வீட்டு வேலை. எங்க போர்டிகோ சிமெண்ட் தரை. பாதுகாப்பு ஒண்ணு மட்டும் சொல்லணும்: ஜாக்கியை மட்டும் நம்பி யாரும் கையையோ தலையையோ உள்ளே விடாதீங்க. ஹாலோ பிளாக் கல்லை முட்டுக் கொடுக்கறதும் வேண்டாம், அது சொல்லாம கொள்ளாம நொறுங்கும். நான் ரெண்டு இரும்பு ஸ்டாண்டும், அதுக்குப் பக்கத்துல பழைய தென்னங்கட்டை ரெண்டும் வச்சேன். பின் சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கல்லு.

சக்கரம் கழட்டி, காலிப்பரைக் கழட்டி கம்பியால ஸ்பிரிங்ல கட்டினேன். ஹோஸ்ல தொங்க விட்டா ஹோஸ் உள்ளுக்குள்ள கிழியும். அப்புறம் ஹப், ஸ்பிண்டில், கடைசியா ஆக்ஸில் ஷாஃப்டை உருவி வெளியே எடுத்தாச்சு. டை ராட் எண்டைக் கழட்ட முள்ளுக்கரண்டி மாதிரி ஒரு டூல் இருக்கு, அதை அடிச்சா ரப்பர் கிழிஞ்சிடும். நட்டை ரெண்டு சுத்து விட்டுட்டு, அது மாட்டியிருக்கிற கையோட பக்கவாட்டுல சுத்தியலால ஒரு நல்ல அடி, எதிர்ப்பக்கம் இன்னொரு சுத்தியல் முட்டு. மூணாவது அடியில தானா கழண்டுச்சு.

நக்கிளோட பின் பக்கம் ஒரு பெரிய வளைய சீல் இருக்கும், பந்தைத் துடைச்சிட்டே இருக்கும். அதை எடுத்து, கீழ் கிங்பின்னோட நாலு போல்ட்டையும் கழட்டினதும் கீழ் பேரிங் என் கையில விழுந்துச்சு. பேரிங்னு சொல்ல முடியாது, துருப்பிடிச்ச ஏதோ ஒண்ணு. உள்ளே கிரீஸ் இருக்க வேண்டிய இடத்துல கருப்பா, தண்ணியா ஒரு குழம்பு. ரெண்டு தப்பு ஒண்ணா நடந்திருக்கு. ஆக்ஸிலுக்குள்ள இருக்கிற ஆயில் சீல் போய், கியர் ஆயில் நக்கிளுக்குள்ள வந்து கிரீஸைக் கரைச்சிருக்கு. வளைய சீலும் காய்ஞ்சு போய், அப்பா வாய்க்கால்ல இறக்கின தண்ணியெல்லாம் உள்ளே போயிருக்கு. கப்பை விரலால தடவினா, சொன்னேன் இல்லைங்களா, கோடு. ரோலருக்கு ஒரு கோடு.

அப்பா பக்கத்துல ஸ்டூல் போட்டு உக்காந்திருந்தார். நான் கொஞ்சம் ஜம்பமாவே கப்பை அவர் கையில கொடுத்து, "பாருங்கப்பா, இது நான் மாத்தினதுனால வந்தது இல்லை, உங்க காலத்துலயே போனது"ன்னேன். அவர் கண்ணாடியை ஏத்தி விட்டுப் பார்த்தார். "சரி. அப்புறம் எனக்கு ஏன் உதறலை?"

எனக்கு பதில் இல்லை. அன்னிக்கு ராத்திரி முழுக்க அதே யோசனை.

நாலு பேரிங், ரெண்டு பக்கத்துக்கும் சீல் கிட், உள் ஆயில் சீல் எல்லாம் கோயம்புத்தூர்ல வாங்கினேன். பழைய கப்பை உள்ளிருந்து பஞ்சு வச்சுத் தட்டி எடுத்தாச்சு, புதுசை நேரா, கோணாம, பழைய கப்பையே மேல வச்சு அடிச்சு உக்கார வச்சேன். இனிமேதான் முக்கியம். கிங்பின்னுக்கு அடியில கடுதாசி மாதிரி மெல்லிசா இரும்பு ஷிம் இருக்கும். ஷிம்மைக் குறைச்சா பேரிங் இறுகும், கூட்டினா தளரும். எவ்வளவு இறுக்கம் சரி? பட்டறையில கையால திருப்பிப் பார்த்து "போதும்"னுடுவாங்க. ஆனா இதுக்கு ஒரு கணக்கு இருக்கு. வளைய சீலை மாட்டாம, டை ராடு மாட்டற ஓட்டையில ஒரு ஸ்பிரிங் தராசைக் கொக்கி போட்டு இழுக்கணும். நக்கிள் அசைய ஆரம்பிக்கும்போது 1 கிலோவுக்கும் 1.8 கிலோவுக்கும் நடுவுல காட்டணும். வீட்டுல கொப்பரை எடை போடற கொக்கித் தராசு இருந்துச்சு, அதே போதும். முதல் தடவை அரை கிலோகூட காட்டலை. ஒரு ஷிம் எடுத்தேன், 1.3. ரெண்டாவது பக்கம் மூணு தடவை கழட்டி மாட்டினேன். போல்ட்டை ஒவ்வொரு தடவையும் முழு முறுக்கு கொடுத்துட்டுத்தான் அளக்கணும், இல்லைன்னா அளவு பொய் சொல்லும்.

நாலு ஞாயித்துக்கிழமை ஆச்சு. டோ-இன் வீட்டுலயே வச்சேன். டயரோட நடு வரியில சாக்பீஸால கோடு போட்டு, முன்னாடி ரெண்டு டயருக்கும் நடுவுல டேப்பால அளந்து, அதே கோட்டைப் பின்னுக்கு உருட்டிட்டுப் போய் அங்கேயும் அளக்கணும். முன் அளவு பின் அளவைவிட 2 முதல் 6 மில்லிமீட்டர் குறைவா இருக்கணும். நான் 4 வச்சேன்.

காலையில அஞ்சரைக்கு, தனியா, அதே பாலம். டேம்பரைக் கழட்டி வச்சிட்டுப் போனேன், மறைக்கிறதுக்கு எதுவும் இருக்கக் கூடாதுன்னு. நாப்பது, ஒண்ணும் இல்லை. அம்பது, ஒண்ணும் இல்லை. அறுபதுலயும் அந்தப் பள்ளத்தைத் தட்டிட்டு நேரா போச்சு. பாலம் தாண்டி ஓரம் கட்டிக் கொஞ்ச நேரம் உக்காந்தேன். சந்தோஷம்தான். ஆனா ஒரு குறை. வண்டி நாய்க்குட்டி மாதிரி ரோட்டுல அலையுது. வளைவுல திருப்பிட்டு ஸ்டீயரிங்கை விட்டா தானா நேருக்கு வரலை. அப்புறம் எழுபது தாண்டினதும் லேசா ஒரு நடுக்கம். பெரிசா இல்லை. ஆனா இருந்துச்சு.

இங்கதான் அப்பாவோட கேள்விக்கு பதில். சைக்கிளோட முன் ஃபோர்க்கைப் பாருங்க, நட்டக்குத்தா இருக்காது. மேல் பக்கம் நம்மை நோக்கிச் சாய்ஞ்சிருக்கும். அந்தச் சாய்வுதான் ஓடும்போது சக்கரத்தை நேருக்கு இழுத்துட்டே இருக்கு. இதே சாய்வு ஜிப்சியோட கிங்பின்னுக்கும் உண்டு, கேஸ்டர்னு பேர். சுமார் மூன்றரை டிகிரி. இப்ப ஷாக்கிளை நினைச்சுப் பாருங்க. ஜிப்சியில முன் ஸ்பிரிங்கோட ஷாக்கிள் முன் முனையில இருக்கு. நான் அதை 2 அங்குலம் நீட்டினேன். ஸ்பிரிங்கோட முன் முனை 2 அங்குலம் இறங்கிடுச்சு, பின் முனை அங்கேயே இருக்கு. அதாவது ஸ்பிரிங் முன்பக்கமா குனிஞ்சிடுச்சு. ஆக்ஸில் அது மேல போல்ட் போட்டு உக்காந்திருக்கு, அதுவும் கூடவே குனியும். ரெண்டு கண்ணுக்கும் நடுவுல நீளம் ஒரு மீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. கணக்குப் போட்டா குனிஞ்சது ஏறக்குறைய மூணு டிகிரி. மூன்றரையில மூணு போனா?

நம்பாம அளந்தும் பார்த்தேன். செல்ஃபோன்ல சாய்வு காட்டற ஆப் இருக்கு. முதல்ல தரையோட சாய்வை அளந்து குறிச்சுக்கிட்டு, மேல் கிங்பின் தலையோட தட்டையான பரப்பைத் துடைச்சு, ஃபோனை வச்சேன். தரையோட சாய்வைக் கழிச்சா ஒரு டிகிரிகூட வரலை.

ஆக, பேரிங் பல வருஷமா போய்த்தான் இருந்திருக்கு. ஆனா கேஸ்டர் இருந்தவரைக்கும், சின்ன டயர் இருந்தவரைக்கும், அப்பா அறுபது தாண்டாத வரைக்கும் அது வெளியே தெரியலை. நான் கேஸ்டரைத் தின்னுட்டு, கனமான டயரை மாட்டிவிட்டு, ஒளிஞ்சிருந்ததை எழுப்பி விட்டிருக்கேன். அதே நேரத்துல, முதல் நாளே அப்பா பேச்சைக் கேட்டு ஷாக்கிளை மட்டும் மாத்தியிருந்தா உதறல் நின்னிருக்கும், துருப்பிடிச்ச பேரிங் அப்படியே உள்ளே இருந்திருக்கும். இதை நான் அப்பாகிட்ட சொன்னேன். "ரெண்டு பேருக்கும் பாதிப் பாதி மார்க்கு"ன்னார்.

அப்ப லிஃப்ட்டை வச்சுக்கிட்டே கேஸ்டரை மட்டும் மீட்க முடியாதான்னு கேப்பீங்க. முடியும். ஸ்பிரிங்குக்கும் ஆக்ஸிலுக்கும் நடுவுல ஆப்பு மாதிரி ஒரு இரும்புத் துண்டு வைப்பாங்க. ஜிப்சியில ஸ்பிரிங் ஆக்ஸிலுக்குக் கீழே இருக்கிறதால ஆப்போட தடிச்ச பக்கம் முன்னாடி வரணும். அது ஆக்ஸிலை நிமிர்த்தும். ஆனா ஆக்ஸில் நிமிர்ந்தா, பின்னாடி பார்த்திருக்கிற பினியன் மூக்கு கீழே போகும், முன் புரொபெல்லர் ஷாஃப்டோட கோணம் கெடும், ஃபோர்-வீல் போட்டா யூனிவர்சல் ஜாயிண்ட் முனகும். ஒண்ணைச் சரி பண்ண இன்னொண்ணு. ஒழுங்கா பண்ணணும்னா கொஞ்சம் கூடுதல் வளைவு உள்ள ஸ்பிரிங் செட், அதுக்கேத்த ஷாக், பிரேக் ஹோஸ் நீளம் எல்லாம் சேர்த்துத்தான் யோசிக்கணும். தென்னந்தோப்புக்குப் போற வண்டிக்கு 1 அங்குல உசரத்துல என்ன கிடைச்சுச்சுன்னு உக்காந்து யோசிச்சேன். தெருவுல நாலு பேர் பார்த்தது கிடைச்சுச்சு.

பழைய ஷாக்கிளை மூலையிலிருந்து தேடி எடுத்து, புது புஷ் போட்டு மாட்டினேன். டயரும் 205/70 ஆர் 15-க்கே திரும்பினேன். அந்தப் பெரிய டயர் விட்டத்துல பத்து சதவீதம் கிட்ட பெரிசு. மீட்டர் அறுபது காட்டினா வண்டி அறுபத்தாறுல போகுது. அறுபதுல உதறுதுன்னு இத்தனை நாளா நான் சொன்ன அறுபதே பொய்.

சட்டம் பத்தியும் ஒரு வார்த்தை, ஏன்னா நிறையப் பேர் மெயில்ல கேக்கறீங்க. மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவு இருக்கு. 2019 ஜனவரியில உச்ச நீதிமன்றமும் தெளிவாச் சொல்லிடுச்சு, ஆர்.சி.யில இருக்கிற விவரம் கம்பெனி கொடுத்த அமைப்பிலிருந்து மாறுற மாதிரி வண்டியை மாத்தக் கூடாதுன்னு. முன்னாடி மாட்டற பெரிய கம்பி பம்பருக்கு எதிரா 2017-லயே மத்திய அரசு மாநிலங்களுக்கு எழுதியாச்சு. என் வண்டி பதினஞ்சு வருஷம் தாண்டினது, அஞ்சு வருஷத்துக்கு ஒரு தடவை ஆர்.சி. புதுப்பிக்கணும். அடுத்தது 2028. பேரிங், சீல், புஷ் மாத்தறது பராமரிப்பு, யாரும் கேக்கமாட்டாங்க. உசரத்தையும் எஞ்சினையும் மாத்தறதுக்கு முன்னாடி நல்லா விசாரிச்சுக்கோங்க. விபத்துன்னு ஆனா இன்ஷூரன்ஸ்காரங்க முதல்ல கேக்கறதும் அதைத்தான்.

இன்னொரு சின்னச் சமாச்சாரம், இந்த வேலைக்கு நடுவுல கண்டுபிடிச்சது. ஏத்தத்துல வண்டி மூச்சு வாங்கி நின்னுட்டிருந்துச்சு. கார்புரேட்டரைக் கழட்டப் போனேன், நல்லவேளை கழட்டலை. டேங்கிலிருந்து பம்புக்கு வர்ற ரப்பர் ஹோஸ்ல மயிர் மாதிரி வெடிப்பு. பெட்ரோல் சொட்டாது, ஏன்னா அந்தப் பக்கம் பம்பு உறிஞ்சற பக்கம். வெளியே ஒழுகறதுக்குப் பதிலா காத்தை உள்ளே இழுக்கும். இப்ப வர்ற 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோலுக்கு அந்தக் காலத்து ரப்பர் தாங்காது. பழைய கார்புரேட்டர் வண்டி வச்சிருக்கிறவங்க, எத்தனால் தாங்கற ஹோஸ் கேட்டு வாங்கி மொத்தமா மாத்திடுங்க. பெரிய செலவு இல்லை.

ஷாக்கிள் மாத்தினப்புறம் கேஸ்டர் மூணுக்கு மேல வந்துச்சு. முதல் தடவை மறுபடி டேம்பர் இல்லாமலேயே அந்தப் பாலத்துல போனேன். அம்பது, அறுபது, எழுபது. ஒரு கையில பிடிச்சா போதும். வளைவுல விட்டா ஸ்டீயரிங் தானா திரும்பி வருது. வீட்டுக்கு வந்து டேம்பரை மாட்டினேன். அப்புறம் மனைவி சொன்ன பத்துத் தடவை. நான் எண்ணலைன்னு நினைச்சேன், அவங்க காலண்டர்ல எண்ணியிருக்காங்க. பதினொண்ணாவது ஞாயித்துக்கிழமை அவங்களே மகளுக்குத் தொப்பியை மாட்டிவிட்டு, "சீக்கிரம் வந்துடுங்க"ன்னாங்க.

முன் சீட்டுல அப்பா, பின்னாடி மகள். ஆழியாறு தாண்டி, வால்பாறை ரோட்டுல நாப்பது கொண்டை ஊசி வளைவுல ஒன்பது வரைக்கும் ஏறி, காட்சி முனையில நின்னு டேமைப் பார்த்துட்டுத் திரும்பினோம். அந்தப் பாலம் வந்தப்போ மகள் பேச்சை நிறுத்திட்டு முன் சீட்டுக் கம்பியைப் பிடிச்சா. நான் கண்ணாடியில பார்த்தேன். பள்ளம் தட்டுச்சு, தாண்டினோம். கொஞ்ச தூரம் போனப்புறம் கையை எடுத்தா. அப்பா ஒண்ணும் சொல்லலை, தூங்கற மாதிரி இருந்தார்.

அந்த நீள ஷாக்கிளை என்ன பண்ணீங்கன்னு கேக்கறவங்களுக்கு: தோப்பு மோட்டார் ரூம்ல இருக்கு. பைப்பு தொங்கவிட அப்பா சுவத்துல அடிச்சு வச்சிருக்கார். அதுக்கு நீளம் சரியா இருக்குதாம்.

அடுத்த எபிசோட்ல ஆயில் சீல் வகைகள் பத்திப் பேசலாம், கேள்விகளை அனுப்பி வைங்க.